ஒரு கவுண்டியின் ஊர்ச்சிறப்பு

விதி தெளிவானது. அமெரிக்காவில் கவுண்டி என்று சொல்லும் மாவட்டத்தின் எல்லைக்குள் ஒருவர் இறந்தால், உடலை மண்ணில் இடுவதற்கு முன் நெருங்கிய உறவினரைத் தேடி அறிவிக்க வேண்டும். மனைவி, அவர் இல்லையென்றால் பிள்ளைகள், அவர்களும் இல்லையென்றால் பெற்றோர். தேடுவதற்கு 'நியாயமான முயற்சி' எடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த இரண்டு சொற்களையும் நான் மூன்று மொழிகளில், பல அரசாங்கங்களின் தாள்களில் சந்தித்திருக்கிறேன். எங்கே கண்டாலும் பொருள் ஒன்றுதான்: எது நியாயம் என்பதை முயன்றவரே தீர்மானித்துக்கொள்வார்.

எங்கள் மகனுக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. வரிசைப்படி நாங்கள்தான். அவன் மண்ணுக்குள் போய் ஒரு கிழமைக்கு மேல் ஆன பிறகே எங்களுக்குத் தெரியவந்தது.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். பாரிசுக்கு வந்து சில வருடம் கோப்பை கழுவினேன். பிறகு நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளனாகி, ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் பிறப்பையும் கல்யாணத்தையும் சாவையும் பிரெஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் லா சப்பலில் இன்றைக்கும் மீன்கடையில் நிற்கும்போது யாராவது ஒரு தாளை நீட்டி, "ஐயா, உதிலை எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்பார்கள். எந்தத் தாள் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், எந்த அலுவலகம் எந்தக் கிழமை சாப்பாட்டுக்கு முந்திப் பூட்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். இவ்வளவும் தெரிந்த மனிதனின் மகனைத்தான் உறவினர் யாரும் கிடைக்கவில்லை என்று புதைத்தார்கள்.

காரணத்தை எங்கள் தபால் பெட்டியிலேயே பார்க்கலாம். அதில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. எனக்குக் குடும்பப் பெயர் என் தகப்பனுடையது. மனைவிக்கு அவளுடைய தகப்பனின் பெயர். மகனுக்கு என் பெயர். அவனை நாலு வயதில் இங்கே கூட்டிவந்தபோது அகதிகளின் பத்திரங்களை எழுதியவர்கள் எங்கள் வழக்கத்தை மதித்து அப்படியே எழுதித் தந்தார்கள். புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை, மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருவகையில் ஆம் என்று சொல்லிவைத்தேன்.

மகன் வாழ்ந்த கவுண்டியிலோ ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பப் பெயர் ஒரே கல்லறை வரிசையில் நிற்கிறது. அங்கத்தைய பொலிஸ் அதிகாரியான ஷெரிஃப் அவனுடைய குடும்பப் பெயரை வைத்துப் பிரான்ஸ் முழுவதும் தேடியிருக்கிறார். அப்படி ஒரு குடும்பம் பிரான்சில் இல்லை. அவனுடைய வேலைக் கோப்பில் எங்கள் பழைய முகவரி, பாரிசுப் புறநகரான லெ பிளாங்-மெனில் வீடு, இருந்திருக்கிறது. அங்கே ஒரு கடிதம் போட்டார்கள். நாங்கள் அந்த வீட்டை விட்டுப் பல வருடம். தூதரகத்துக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டான். சொந்தக் குடிமகன் இறந்தால் எந்தத் தூதரகத்துக்கும் அறிவிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு விதியாக, ஒழுங்காகச் சாத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பிழையும் இல்லை. நானே அந்த மேசையில் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஞாயிறு பின்னேரத்தில் அவன் அழைப்பான். இரண்டு ஞாயிறு அழைப்பு வரவில்லை. திங்கட்கிழமை அவனுடைய அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எடுத்த பெண், நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அது எதற்காகக் கேட்கப்படும் கேள்வி என்று எனக்குத் தெரியும்.

சோளம் வெட்டும் காலம். சரளைக்கல் வீதிகள் இரண்டு சந்திக்கும் இடத்தில், புழுதிக்குள், தானியம் ஏற்றிய லொறி ஒன்று அவனுடைய வண்டியில் மோதியிருக்கிறது. கைபேசியும் அதோடு நொருங்கிப்போனதாம். லொறிக்காரனுக்கும் அவனைத் தெரியும். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அவன் அந்தக் கவுண்டியின் நீர்ச் சபையில் வேலை செய்தவன். பண்ணைக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று வருடம் முழுக்க அளந்துகொண்டு திரிந்தான். மேல்மாடியை அவனுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தவர் எண்பது தாண்டிய ஒரு விதவை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோது அவருடைய பெயரைத்தான் கொடுத்திருக்கிறான். பாரிசிலிருந்து யாரும் அவசரத்துக்கு வந்துவிட முடியாது. இது சரியான நிர்வாக முடிவு. தாயின் காதில் அது அப்படி விழவில்லை.

"ஆர் அவ?" என்றாள் மனைவி.

"வீட்டுக்காரம்மா."

"வீட்டுக்காரம்மா என்னத்துக்கு என்ர பிள்ளைக்கு மண் போட்டவ?"

அதற்கும் விளக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் நிலம் உறைந்துவிட்டால் தோண்ட முடியாது. உறைந்த பிறகு இறப்பவர்களைக் கல்லறைத் தோட்டத்து அறையொன்றில் வைத்துப் பூட்டி, வசந்தத்தில்தான் அடக்கம் செய்வார்கள். மகனை அப்படிக் குளிருக்குள் காத்திருக்க வைக்க அந்த மனிசிக்கு மனம் வரவில்லை. யாருமே வராத பையன் என்று சொன்னதும், தன் குடும்ப நிலத்தில், தன் கணவனுக்குப் பக்கத்தில், தனக்கென்று விட்டிருந்த இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார். ஊர்ச் சனம் வந்ததாம். பாட்டுப் பாடினார்களாம். லொறிக்காரன் பெட்டி தூக்கினானாம்.

எதிரி இருந்தால் எனக்குக் கடிதம் எழுத வரும். இங்கே எதிரி இல்லை.

மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு இரத்தம் சுத்தப்படுத்துகிறார்கள். தனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை அவள் வைத்தியர்களிடம் கேட்பதை விட்டு நாளாகிவிட்டது. அன்றைக்கு அடுக்களையில் நின்றபடியே சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் போகமுந்தி அவனை எடுத்துத் தாங்கோ. சாம்பலாத் தாங்கோ, காணும். பிறகு என்னையும் அவனையும் ஒண்டாக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலிலை கரையுங்கோ. வேறையொண்டும் கேக்கேல்லை."

"நான் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வரட்டே?"

"வெறுங்கையோட வாறதெண்டாப் போகாதேங்கோ."

கவுண்டி எழுத்தரிடம் கேட்டு எழுதினேன். தேர்தலில் நின்று வென்று வரும் பதவி அது; இருந்தும் அந்தப் பெண் மூன்று நாளுக்குள் பதில் அனுப்பினார். இப்படியொரு நேர்த்தியான பதிலை நான் என் வேலைக் காலத்தில் கண்டதில்லை. புதைத்தவரை வெளியே எடுக்க மூன்று தேவை: நெருங்கிய உறவினரின் விண்ணப்பம், உரிமம் பெற்ற அடக்கச் சேவையாளர், அந்த நிலத்தின் உரிமையாளருடைய எழுத்துமூலச் சம்மதம், அதுவும் கையெழுத்தைச் சாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில். நிலம் இளகும்வரை யாரும் மண்வெட்டி தொட மாட்டார்கள் என்று அடிக்குறிப்பு. உரிமையாளர் மறுத்தால் நீதிமன்றம் போகலாம், பெற்றோர் என்பதால் வெல்ல வாய்ப்புண்டு என்று கடைசி வரி.

அந்தக் கடைசி வரியை மனைவிக்குச் சொன்னேன்.

"கோட்டிலை வழக்குப் போட்டு எடுக்கிறதுக்கு அவன் என்ன காணியோ?" என்றாள்.

அதனால் எல்லாம் அந்தக் கிழவியின் கையெழுத்தில் வந்து நின்றது. அவருக்கு மின்னஞ்சல் இல்லை. தொலைபேசியில் காது கேளாது. பள்ளிக்கூடத்தில் அடித்துப் படிப்பித்த ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, சம்மதப் படிவத்தை இணைத்து, பதிவுத் தபாலில் போட்டேன். மகனுடைய இறப்புப் பத்திரத்தைப் பிரெஞ்சில் மாற்ற வேண்டியிருந்தது. சொந்தக் குடும்பத்துப் பத்திரத்தில் என் முத்திரையைக் குத்துவது முறையல்ல. காசு கொடுத்து இன்னொருவரிடம் செய்வித்தேன். அவர் இரண்டு இடத்தில் பிழை விட்டிருந்தார். திருத்திக் கொடுத்தேன், சின்னத் தள்ளுபடி தந்தார்.

இதற்கிடையில் சடங்கு செய்ய வேண்டிய முப்பத்தோராம் நாள் வந்துகொண்டிருந்தது. எலும்போ சாம்பலோ இல்லாமல் என்ன செய்வது என்று கோயிலில் ஐயரிடம் கேட்டோம். தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கலாம், சாத்திரத்தில் இடமுண்டு என்றார். சாத்திரம் எப்போதும் எந்தக் காரியாலயத்தையும் விடத் தாராளமானது. மனைவி தலையாட்டவில்லை.

"புல்லைக் கொழுத்திப்போட்டு என்ர பிள்ளை எண்டு சொல்லச் சொல்லுறியளோ, ஐயா?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பூசை நேர அட்டவணையைப் பார்த்தேன். கடைசியில் உருவம் இல்லை, பிரார்த்தனையும் சாப்பாடும் மட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் கல்வெட்டு கட்டாயம் வேண்டும் என்றாள்.

யாழ்ப்பாணத்தார் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதல்ல. எங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்போம். உள்ளே தேவாரம், இறந்தவரின் வம்சம், வாழ்க்கை, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், நன்றி. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஊர்ச்சிறப்பு. அந்த மனிதர் பிறந்த ஊர் எப்படிப்பட்டது, எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் வயல், எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை பெரியவர்களைப் பெற்றெடுத்தது என்று எழுதிய பிறகுதான் செத்தவர் உள்ளே வரலாம். எங்கள் கல்வெட்டுகளை நம்பினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளம் குறைந்த ஊர் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அச்சகம் நாங்கள் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. வைத்திருப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணினியில் ஊர் ஊராகக் கோப்பு வைத்திருக்கிறார்; பெயரை மாற்றினால் போதும்.

"அண்ணை, உங்கட ஊர்ச்சிறப்பு என்னட்டை ரெடியாக் கிடக்கு. போன மாசம் தான் ஒராளுக்கு அடிச்சனான். கொஞ்சமும் கைவைக்கத் தேவையில்லை."

"அந்த ஊர் வேண்டாமாம். அவன் இருந்த இடத்தைப் போடட்டாம்."

"பாரிசையோ?"

"அமெரிக்காவிலை, அவன் இருந்த கவுண்டி."

அவர் கதிரையைத் திருப்பிக்கொண்டார்.

"அமெரிக்கா எண்டாச் சுகம் அண்ணை. அட்டைக்குச் சுதந்திர தேவி சிலை, பக்கத்திலை குத்துவிளக்கு. வடிவா இருக்கும்."

"சிலை இருக்கிற இடத்திலை இருந்து விமானத்திலை போய் இறங்கி, பிறகும் அரை நாள் காரிலை ஓட வேணும்."

"அப்ப அங்கை என்ன இருக்கு?"

"சோளம்."

"கோயில்?"

"இல்லை."

"கடல்?"

"கிட்டக் கிட்ட இல்லை."

"அப்ப என்னத்தை அண்ணை சிறப்பெண்டு எழுதப்போறியள்?"

வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் கேட்டேன். பிறந்த ஊரை அவன் நாலு வயதில் விட்டான், அங்கே ஒரு மரத்தின் பெயரும் அவனுக்குத் தெரியாது. பாரிசை அவனே விட்டுப் போனான். "அவன் கிடக்கிற இடத்தை எழுதுங்கோ," என்றாள். "எப்பிடிப்பட்ட இடத்திலை கிடக்கிறான் எண்டு நான் அறிய வேண்டாமோ?"

ஆகவே எழுதினேன். கவுண்டியின் இணையப் பக்கம், குடிசன மதிப்பு அட்டவணைகள், தேவாலயப் பெண்கள் கூடி அச்சிட்ட பழைய ஊர் வரலாறு ஒன்று. கடைசியதை எழுத்தர் அம்மையார் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். கேட்காத உதவி செய்யும் அரச ஊழியரை என் வாழ்க்கையில் முதல்முதல் அந்த வயதில்தான் சந்தித்தேன்.

முதலில் புவியியல். தட்டையான நிலம். மேசைமேல் விரித்த துணியைக் கையால் நீவிவிட்டதுபோல. வீதிகள் ஒரு மைலுக்கு ஒன்றாக, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும், வளைவே இல்லாமல். மலைக்கும் ஓடைக்கும் விட்டுக்கொடுக்காமல் எங்கோ ஒரு காரியாலயத்தில் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுகள். கச்சேரிக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு மரியாதை வந்தது. மேலே காற்று, எந்நேரமும் காற்று. கீழே, மண்ணுக்கு அடியில், ஒரு கடல் அளவு பழைய தண்ணீர். அதைத்தான் நூறு வருடமாக இறைத்து இறைத்துச் சோளமாக்கி விற்கிறார்கள். மகன் அளந்துகொண்டிருந்தது அந்தத் தண்ணீர் இறங்குவதை.

எழுதுவதை மாலையில் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்பாள்.

"கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியோ, உவரோ?"

"நல்ல தண்ணி எண்டுதான் போட்டிருக்கு."

"அதைப் போடுங்கோ. நல்ல தண்ணி எண்டு வடிவாப் போடுங்கோ. மண் என்ன நிறம்?"

"கறுப்பு."

"எங்கட மண் சிவப்பு." போர்வையை இழுத்துக்கொண்டாள். "கறுப்பு மண் சூடு பிடிக்கும் என்ன?"

"வெயில் காலத்திலை பிடிக்கும்."

"நீங்கள் அதையும் போடுங்கோ."

தானியக் களஞ்சியங்களைப் பற்றி எழுதியபோது நான் விளக்கத் தொடங்கினேன். "எனக்குத் தெரியும்," என்றாள். "உயரமான வெள்ளை உருளையள். ரெயில் பாதைக்குப் பக்கத்திலை. போனிலை காட்டினவன். அங்கத்தைக் கோபுரம் இதுதான் அம்மா எண்டு பிரெஞ்சிலை சொன்னவன்." அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எந்த அட்டவணையிலும் அது இருக்கவில்லை.

பிறகு வரலாறு. தேவாலயப் பெண்களின் புத்தகம் ரெயில் வந்த வருடத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னால் இரண்டே வரி: இந்தச் சமவெளியில் முன்பு பழங்குடிகள் வேட்டையாடி வந்தனர், ஓர் ஒப்பந்தத்தின்படி அவர்கள் மேற்கே நகர்ந்தனர். நகர்ந்தனர். நான் நூற்றுக்கணக்கான அகதி விண்ணப்பங்களை மொழிபெயர்த்தவன். 'நகர்ந்தனர்' என்ற சொல்லை யாரும் தங்களைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது மற்றவர்களைப் பற்றி எழுதும் சொல்.

"திரும்பி வந்தவையோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப நீங்கள் விடாமல் எழுதுங்கோ."

எழுதினேன். பின்னால் வந்தவர்களையும் எழுதினேன். ஜெர்மனியிலும் நோர்வேயிலும் நிலமில்லாமல் இருந்தவர்கள், அரசாங்கம் இலவசமாக நிலம் தருகிறது என்று கேட்டு, மரமே இல்லாத இடத்தில் புல்தரையைக் கட்டிகட்டியாக வெட்டி வீடு கட்டியவர்கள். முதல் குளிர்காலத்தில் பிள்ளைகளைப் புதைத்தவர்கள். அவர்களுக்கும் ஊரில் சாம்பல் கரைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கடைசியாகச் சனத்தொகை. இது எனக்குப் பிடித்த பாடம். அட்டவணை பொய் சொல்லாது, சொன்னாலும் கூச்சமில்லாமல் சொல்லும். அந்தக் கவுண்டியில் ஒவ்வொரு குடிசன மதிப்பிலும் எண் முந்தியதைவிடக் குறைவு. ரெயில் நின்றதும் சந்தைகள் போயின. சந்தைகளோடு வைத்தியசாலை போனது. பள்ளிக்கூடங்கள் ஒன்றுக்குள் ஒன்று சேர்ந்து ஒன்றாகிவிட்டன. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கார் து நோர் ரெயில் நிலையப் பக்கமிருந்து மரக்கறி வாங்க லா சப்பலுக்கு நடந்து வரும் சனத்தை நிறுத்தி எண்ணினால், அந்தக் கவுண்டி முழுவதையும் விட அதிகம் வரும். அங்கே உயிரோடு இருப்பவர்களைவிடக் கல்லறைகளில் இருப்பவர்கள் கூட. பிறப்பிடம் என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் 'ஆசியா, மற்றவை' என்ற வரிசையில் ஒன்று என்று இருந்தது.

அந்த ஒன்றை அவளுக்கு வாசிக்கவில்லை. அவளே தாளை வாங்கி, விரலை வைத்துப் பார்த்தாள். எந்த வரி என்று நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

முப்பத்தோராம் நாளுக்கு ரூ பஜோல் வீதிப் பக்கத்தில் ஒரு மண்டபம் எடுத்தோம். சோறு, ஏழு கறி, பாயசம். புத்தகம் கொடுத்தோம். அட்டையில் சிலை இல்லை. மகனுடைய படம் மட்டும், தொப்பி போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. லெ பிளாங்-மெனிலிலிருந்து வந்த மைத்துனர் பக்கங்களைப் புரட்டிவிட்டு என் காதுக்குள் சொன்னார்:

"அத்தான், வாசிச்சால் நீங்கள் அங்கை காணி துண்டு போட்டு விக்கிற மாதிரி இருக்கு."

"ஏக்கர் மலிவு. வாங்குறியோ?"

"கோயில் இல்லாத ஊரிலை எனக்கென்ன வேலை?" என்றவர், அக்காவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் மண்டபத்தின் மூலையில், வந்தவர் ஒவ்வொருவரிடமும் முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "நல்ல தண்ணியாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிழவியிடமிருந்து பதில் இல்லை. மார்கழி போனது. தையிலும் இல்லை. பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வந்திருந்தது, நடுங்கும் கையெழுத்தோடு. எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான்: பதில் இல்லையென்றால் நினைவூட்டல். முதலாவதை அனுப்பினேன். இரண்டாவதை எழுதி உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கண்டாள்.

"உது ஆருக்கு?"

"அவவுக்குத்தான். நினைவூட்டல்."

"அனுப்பாதேங்கோ. அவவுக்கு மறக்கேல்லை."

மாசி மாதம் எழுத்தர் அம்மையாரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கிழவி வியாழக்கிழமைகளில் சாமான் வாங்க ஊருக்குள் வருவாராம். படிவத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாராம். இரண்டு தடவை நொத்தாரிசு மேசைக்கு முன்னால் வந்து இருந்து, எழும்பிப் போய்விட்டாராம். கல்லறைக்கு ஞாயிறுதோறும் போகிறார், பனியை விளக்குமாற்றால் கூட்டிவிட்டு வருகிறார். அவருடைய பிள்ளைகள் தூர நகரங்களில். உங்கள் மகன்தான் ஐந்து வருடமாக அவருக்கு விறகு வெட்டிக் கொடுத்தவர் என்றார். பிறகு, தான் கையெழுத்து வைக்கச் சொல்லி வற்புறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. என் பக்கம் விதியிருந்தது, உரிமையிருந்தது. வற்புறுத்த வேண்டிய நேரத்தில் வற்புறுத்தத் தெரியாதவனுக்குப் பிரான்சில் குடியுரிமை கிடைக்காது, எனக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் மனைவிக்குச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அன்று அவளை இரத்தச் சுத்திகரிப்பிலிருந்து கூட்டிவந்திருந்தேன். முகம் வெளிறி இருந்தது.

"கூட்டுறாவோ?"

"ஓம். விளக்குமாறு கொண்டுபோய்."

"நான் எண்டா வைக்கமாட்டன்," என்றாள்.

"என்னத்தை?"

"கையெழுத்தை."

பிறகு தானே எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து கல்வெட்டு ஒன்றை எடுத்து வந்தாள். நினைவூட்டலுக்குப் பதிலாக இதை அனுப்பச் சொன்னாள். தமிழ் அவருக்கு விளங்காதே என்றேன். "படம் விளங்கும். ஊர்ச்சிறப்பை மட்டும் நீங்கள் இங்கிலீசிலை எழுதி வையுங்கோ. தன்ர ஊரைப் பற்றி ஆரோ எழுதினதை அவ வாசிக்கட்டும்." கேட்டதை விட்டுக்கொடுத்துவிட்டாளோ என்று நினைத்து, படிவத்தைப் பற்றி என்ன எழுத என்றேன். "ஒண்டும் எழுதாதேங்கோ. ஆனா அவன் எனக்கு வேணும்," என்றாள்.

மொழிபெயர்ப்பில் என் முத்திரையைக் குத்தவில்லை. ஓய்வுபெற்ற பிறகு நான் செய்த ஒரே முழு மொழிபெயர்ப்பு அதுதான்.

பங்குனியில் அவள் இரண்டு தடவை வைத்தியசாலையில் தங்க வேண்டியிருந்தது. நான் காலையும் மாலையும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தபால் ஒரு தடவைதான் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

பதில் வந்தபோது அவள் வீட்டில் இருந்தாள். உறைக்குள் படிவம், நொத்தாரிசின் முத்திரையோடு, எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கையெழுத்திட்டு. கூடவே கோடு போட்ட தாளில் சில வரிகள். நின்றுகொண்டே தமிழில் வாசித்துக் காட்டினேன். உங்கள் எழுத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் கவுண்டி நீங்கள் எழுதியதைப்போல அவ்வளவு நல்லதல்ல. கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்: அங்கே ஒரு மரம் இருக்கிறது, பின்னேரம் அதன் நிழல் அவன்மேல் வரும். மே மாதம் முதல் கிழமை நிலம் இளகிவிடும். யாருக்கும் ஆட்சேபனை இல்லையென்றால், எடுக்கும்போது நான் பக்கத்தில் நிற்க விரும்புகிறேன்.

"இன்னொருக்கால் வாசியுங்கோ," என்றாள். வாசித்தேன். கண்ணீர் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"பாவம் மனிசி," என்றாள். மூச்சு விடவும் இல்லை, அதே குரலில், "மே மாசம் எண்டால் எத்தினையாம் திகதி எண்டு கேளுங்கோ. அவ கட்டாயம் நிக்கட்டும் எண்டும் எழுதுங்கோ," என்றாள்.

மேசைக்குப் போய் இருந்தேன். எல்லாம் கிடைத்துவிட்டது. விண்ணப்பம், சேவையாளர், சம்மதம். என் வாழ்க்கையில் இவ்வளவு பூரணமான கோப்பு இன்னொன்று இருந்ததில்லை. எங்களிடமிருந்து எடுத்ததை இப்போது அந்த மனிசியிடமிருந்து, ஒரு பிழையும் இல்லாமல், எடுக்கப்போகிறேன். பேனையைத் திறந்தேன். பதில் எழுத வரவில்லை. கச்சேரிக் காலத்துப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு உறையின் மேல்மூலையில் கடிதம் கிடைத்த வரவுத் திகதியைப் போட்டது: ஏப்ரல் ஒன்பது, புதன்கிழமை.